முப்பதுக்கு முப்பது

திட்டம் இருக்கிறது என்று
முதலில் சொன்னது உரக்கடைச் சுவர்.
பண்ணைக்குட்டை, நூறு சதம் மானி...
அதற்கு மேல் காகிதத்தை
ஆடு தின்றிருந்தது.

மிச்சத்தைத் தெரிந்துகொள்ளக்
கடலாடிக்கு ஏழு நடை.

முதல் நடையில் ஜமாபந்தி, ஆளில்லை.
இரண்டாவதில் சிட்டா இருக்கா என்றார்கள்.
இருந்தது.
சிட்டாவில் இருப்பவர் இருக்காரா என்றார்கள்.
இல்லை. போய் நாலு வருசம்.
'அப்ப நீங்க யாரு?'

நான் யார் என்று எழுதி வாங்க
மூன்று நடை.
வாரிசு. பட்டா மாறுதல். சிறு விவசாயி.
இ-சேவை மையத்துப் பையன்
ஆறு இலக்கம் வந்திருக்கும், சொல்லுங்க என்றான்.
அது வந்தது மகன் கைபேசிக்கு.
மகன் அஜ்மானில், இரவு வேலை முடித்துத் தூங்குகிறான்.
பத்து நிமிடம்தான் அந்த எண்ணுக்கு ஆயுசு.
நாலு எண் செத்து
ஐந்தாவது பிழைத்தது.
முத்திருளாயி, க/பெ (லேட்) சண்முகவேல்,
இரண்டு ஏக்கர் பதினேழு சென்ட்,
மானாவாரி.

நான் கேட்டது பெரிசில்லை.
மார்கழியோடு மழை கையை விரித்துவிடும்.
தைக் கடைசியில் இரண்டு தண்ணி கொடுத்தால்
குண்டு மிளகாய் காம்பு வாடாது.
ஆழமாகத் தோண்டவும் வேண்டாம்.
இங்கே கடல் தரைக்குக் கீழேயும் படுத்திருக்கிறது,
பன்னிரண்டு அடியில் கூப்பிட்டால்
உப்போடு எழுந்து வரும்.

உதவிப் பொறியாளர் ரெஜினா
நாடாவை விரித்தார்.
முப்பதுக்கு முப்பது மீட்டர்,
ஆழம் ஒன்றரை. திட்டம் சதுரம்.
என் நிலமோ
காயப்போட்ட எட்டு முழ வேட்டி.
அகலம் இருபத்தொன்று.
'சின்னதாப் போட்டுக்கிறேனே.'
'செயலியில சின்னதுக்குக் கட்டம் இல்லைக்கா.'

கிழக்கே ஒன்பது மீட்டர் போனால்
இபுராம்சா நிலம்.

எங்களுக்கு நடுவில் இருந்த வரப்பு
கால் முளைத்தது.
ஆடி உழவில் மேற்கே ஒரு சாண் நடக்கும்,
ஆவணியில் நான் திருப்பி நடத்துவேன்.
பதினோரு வருசம்.
சாயல்குடி ஸ்டேசனில்
இரண்டு பேருக்கும் தனித்தனி பெஞ்சு.

கையெழுத்து கேட்கப் போனேன்.
என்ன விசயம் என்று அவர் கேட்கவில்லை,
கையில் இருந்த உறையைப் பார்த்தார்.
'எத்தனை நடை?'
'ஏழு.'
'நான் ஒன்பது' என்றார்,
அதிலும் ஜெயித்த முகத்தோடு.
அவர் நிலத்துக்கும் அகலம் போதவில்லையாம்.

பொக்லைன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை,
அவர் தொழுகைக்குப் போய்த் திரும்பும்வரை
டிரைவர் காத்திருந்தான்.
பிறகு முதல் வாளியே வரப்பில் இறங்கியது.
மூன்றாவது வாளியில்
மண்ணோடு மண்ணாக ஒரு கல்,
தலையில் அம்புக்குறி வெட்டிய
சர்வே கல்.
பதினோரு வருசமாக இரண்டு பேரும் தேடியது.

'தம்பி, நிறுத்து!
எந்தப் பக்கத்துல கிடந்துச்சு?'
இரண்டு குரலும் ஒன்றாகப் போனது.
அவன் எட்டிப் பார்த்தான்.
'வாளியில கிடந்துச்சு.'
கரை மேட்டில் கொட்டிவிட்டு
அடுத்த வாளிக்குக் குனிந்தது இயந்திரம்.

ஜிபிஎஸ் படத்துக்கு
நெருங்கி நில்லுங்க என்றார் ரெஜினா.
நெருங்கியது போதவில்லை.
கைபேசியைக் குறுக்கே திருப்பி
எப்படியோ அடக்கினார்.
பலகையில் பயனாளி என்று ஒரு கோடுதான்.
பெயிண்டர் இரண்டு பெயரையும் நெருக்கி எழுதினான்,
என்னுடையதில் 'ரு' விழுந்துவிட்டது.
முத்திளாயி.
அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோசம்.

ஐப்பசியில் இரண்டு நாள் பெய்தது,
கார்த்திகையில் ஒரு புயல் வழி மாறி
எங்களுக்கும் மிச்சம் வைத்துப் போனது.
குட்டை நிறைந்தது.
நாக்கில் தொட்டுப் பார்த்தேன்,
அவரும் அந்தக் கரையில்
தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.
உப்பில்லை.

இப்போது தைக் கடைசி.
இன்றைக்கு அவர் முறை.
டீசல் இஞ்சின் ஓடுகிறது.
பேச்சு ஒரு மணி நேரம்.
பாத்தியில் உட்கார்ந்து
கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மணி, ஏழு நிமிடம்.